கோடு சொன்னால் புகார் காலி

தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய ஏசிக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஓராண்டு வாரண்டி முடிகிற நேரம் இது. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே குழப்பம்: வாரண்டிக்குள் புகார் கொடுத்தும் பொருள் சரியாகவில்லை. மறுபடி கூப்பிட்டால், ‘பழைய புகார் தீர்ந்துவிட்டது, இது புதுப் புகார், வாரண்டியும் முடிந்துவிட்டது’ என்று பதில் வருகிறது. தீராத புகார் எப்படித் தீர்ந்தது? வாரண்டியின் விதிகள் அட்டையிலேயே அச்சாகியிருக்கின்றன. அட்டையில் இல்லாத ஒன்றைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

புகாரைப் பதிந்ததும் போனுக்கு ஓர் எண் வருகிறது. சில நிறுவனங்கள் அதற்கு ‘ஹேப்பி கோட்’ என்று பெயரே வைத்திருக்கின்றன. வேலை திருப்தியாக முடிந்தால் மட்டும் டெக்னீஷியனிடம் அதைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. கெட்டிக்கார யோசனைதான், வீட்டுப் பக்கமே வராமல் ‘வந்து பார்த்தேன்’ என்று எழுத முடியாது. ஆனால் பல இடங்களில் வருகிறவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர், ஒப்பந்த சர்வீஸ் சென்டரின் ஆள். புகாரை முடித்தால்தான் அந்த சென்டருக்குக் காசு. அதனால் “பார்ட்ஸ் ஆர்டர் போடணும் சார், கோடு சொல்லுங்க” என்கிறார். சொன்ன நொடியில் கணினியில் புகார் மூடப்படுகிறது. ‘24 மணி நேரத்தில் தீர்வு’ என்று விளம்பரம் சொல்லும்போது, அந்தத் தீர்வு பொருள் ஓடியதைக் குறிக்கிறதா, எண் வந்து சேர்ந்ததைக் குறிக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது.

பொருள் தரமாக இருந்தால் சர்வீஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்ப்ளிட் ஏசியின் பாதித் தரம் சுவரில் மாட்டும்போதுதான் உருவாகிறது; செம்புக் குழாய் இணைப்பைச் சரியாக முடுக்காவிட்டால் எவ்வளவு நல்ல ஏசியிலும் கேஸ் கசியும். அதைவிட முக்கியம், எந்தப் பாகம் எத்தனை மாதத்தில் பழுதாகிறது என்பது தொழிற்சாலைக்குப் பெரும்பாலும் சர்வீஸ் பதிவுகள் வழியாகத்தான் தெரியவரும். பொய்யாக மூடிய புகார் அந்தப் பதிவையே கெடுக்கிறது. இன்றைய மோசமான சர்வீஸ் நாளைய மோசமான பொருளாக வந்து நிற்கும். கொடுக்கிற விலைக்கு இவ்வளவுதான் கிடைக்கும் என்ற வாதமும் நிற்காது, வாரண்டிக்கான செலவையும் கணக்கிட்டுத்தான் விலை வைக்கிறார்கள். வேலை முடிந்தும் கோடு தராமல் மிரட்டும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்ற முறையீட்டில் மட்டும் நியாயம் உண்டு. அதற்கு மருந்து, டெக்னீஷியனின் கூலியைக் கோடிலிருந்து பிரிப்பதும் ‘தீரவில்லை’ என்று பதிய வாடிக்கையாளருக்கு இன்னொரு எண் கொடுப்பதும்தான்.

2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் குறைபாட்டையும் சேவைக் குறைபாட்டையும் தனித்தனியே வரையறுத்து, இரண்டுக்கும் பரிகாரம் வைத்திருக்கிறது. அரசு பெருமையோடு சொல்லும் 1915 உதவி எண், புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தரும். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தாலும், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு என்ற கெடு ஓடிக்கொண்டே இருக்கும். கடிதப் போக்குவரத்து மட்டும் அதை நீட்டிக்காது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எங்கே வழக்குத் தொடுப்பது? நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே.

கட்டணம்? கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் இல்லை.

வக்கீல்? கட்டாயமில்லை.

எத்தனை நாளில் முடியும்? சட்டம் சொல்வது 3 மாதம், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதம். அதை நம்பிக் காலண்டரில் குறிக்க வேண்டாம்.

பொருள் ஓடிய பிறகே கோடு சொல்லுங்கள். பார்ட்ஸ் வர வேண்டும் என்றால், ஜாப் ஷீட்டில் ‘வேலை நிலுவை’ என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.