ஒரே கயிற்றில் இருவர்

பனிமலையில் ஏறுவோர் தம்மைக் கயிற்றால் பிணைத்துக்கொள்வர். முன்னே செல்பவர் பனியில் படி வெட்டுவார். அவர் சறுக்கினால் பின்னே நிற்பவர் தாங்கிப் பிடிப்பார். 1953ஆம் ஆண்டு எவரெஸ்டுப் பயணத்தில், உச்சியை நெருங்குவதற்குப் பல நாள்கள் முன்பே, எட்மண்டு ஹிலாரி பனிப்பிளவு ஒன்றில் விழுந்தார். டென்சிங் நார்கே உடனே கயிற்றை இறுக்கிப் பிடித்து அவர் உயிரைக் காத்தார்.

மே 29 அன்று இருவரும் உச்சியை அடைந்தனர். அங்கே ஹிலாரி எடுத்த படத்தில் டென்சிங் கொடியேந்தி நிற்கிறார். ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

அவர்கள் காத்மாண்டு திரும்பியதும், ‘முதலில் கால்வைத்தவர் யார்?’ என்ற கேள்வி எழுந்தது. சில அடி இடைவெளிக்காக இத்தனை ஆரவாரம்! டென்சிங்கே முதல்வர் என்று நேபாளத்திலும் இந்தியாவிலும் மக்கள் முழங்கினர். இருவருமோ, ஏறத்தாழ ஒன்றாகவே அடைந்தோம் என்று அறிவித்தனர். கயிற்றின் இரு முனைகளில் ஒருவர் உயிரை மற்றவர் காத்து ஏறியவர்களுக்கு, அவ்வெற்றியைக் கூறுபோட மனம் வரவில்லை.

ஆயினும் கேள்வி ஓயவில்லை. டென்சிங்குக்கு எழுதத் தெரியாது. அவர் வாய்மொழியாகக் கூறிய தன்வரலாறு 1955இல் வெளிவந்தது. முதலில் கால்வைத்தவர் ஹிலாரி என்று அதில் அவரே தெரிவித்தார்.