மூக்கு சொன்ன சாட்சி

சோறு, சோயா, உருளைக்கிழங்குக் குழம்பு. பீகாரின் சாரண் மாவட்டத்தில் உள்ள கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் 2013 ஜூலை 16 அன்று பரிமாறப்பட்ட மதிய உணவு அதுதான். சாப்பிட்ட சிறிது நேரத்தில் குழந்தைகளுக்கு வயிற்றுவலி, வாந்தி. 23 பேர் பிழைக்கவில்லை. சிலரைப் பள்ளியின் அருகிலேயே புதைத்தார்கள்.

உணவு நஞ்சானால் விசாரணை மூன்று கேள்விகளில் தொடங்குகிறது: யார் சாப்பிட்டார்கள், எதைச் சாப்பிட்டார்கள், எவ்வளவு நேரத்தில் நோய் வந்தது? கெட்டுப்போன உணவின் கிருமிகள் பெரும்பாலும் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். இங்கே வேகமே முதல் துப்பு. நோய்க்குறிகள் ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லியைச் சுட்டின.

அடுத்த துப்பு அடுப்படியில் இருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமைத்த பெண் முன்பே சொல்லியிருந்தார். தலைமை ஆசிரியை அதைப் பொருட்படுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. ருசி பார்த்த சமையல்காரப் பெண்ணும் நோயில் விழுந்தார். எண்ணெய்ப் பாத்திரம், தட்டில் ஒட்டிய மிச்சம், மீந்த சோறு மூன்றும் தடயவியல் ஆய்வகம் சென்றன. மூன்றிலும் மானோகுரோட்டோபாஸ். காய்கறிப் பயிர்களில் தெளிக்க 2005லேயே தடை செய்யப்பட்ட மருந்து அது.

2016இல் நீதிமன்றம் தலைமை ஆசிரியைக்கு மொத்தம் 17 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

ஆய்வகத்தின் முடிவு வெளியானது ஜூலை 20 அன்று. சமைத்தவரின் மூக்கு அதை நான்கு நாள் முன்பே சொல்லிவிட்டது.