காய்ச்சல் விட்டது, பிள்ளை ஏன் மாறினான்?

மருத்துவமனையிலிருந்து பிள்ளை வீடு திரும்பும் நாளில் காலனித் தெருவே வாசலுக்கு வந்துவிடும். "உசுரு பொழச்சு வந்துட்டான், அதுவே போதும்" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போவார்கள். ஆறு மாதம் கழித்து அதே தெருவில் பேச்சு மாறியிருக்கும். "பெத்தவளையே அடிக்கக் கை ஓங்குறான். என்ன திமிரு பாரு" என்பார்கள். பள்ளியிலிருந்து புகார் வரும். தகப்பன் இடுப்பு வாரைக் கழற்றுவார். தாய் வேப்பிலை அடிக்கும் இடத்தைத் தேடுவார்.

மூளைக் காய்ச்சல், காசநோயால் வரும் மூளை உறை அழற்சி, பலத்த தலைக்காயம், அடிக்கடி வரும் வலிப்பு ஆகியவற்றிலிருந்து தப்பிய வளரிளம் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. நோய் போய்விட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நோய் போன வழியில் மூளையில் ஒரு தடம் இருக்கிறது என்பதை அந்த வீட்டுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

நம் பக்கத்து மாவட்டத்தின் கதை

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று பெயர் இருந்தாலும், அது நமக்குத் தூரத்து நோய் அல்ல. இந்தியாவில் மனிதரிடம் அந்த நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955ஆம் ஆண்டு, அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில். காஞ்சிபுரம் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அது அடுத்த மாவட்டம். நீர் தேங்கிய நெல் வயலில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசு இந்தக் கிருமியைப் பரப்புகிறது. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிடமும் பன்றிகளிடமும் கிருமி பெருகுகிறது.

இதை வைத்துப் பன்றி வளர்ப்பவர் மீது பழி போடுவது சில ஊர்களில் வழக்கம். அது சரியல்ல. பன்றியைத் தொட்டு இந்த நோய் வராது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் ஒட்டாது. கொசு கடித்தால்தான் வரும். தடுப்பூசி இருக்கிறது. இந்நோய் காணப்படும் மாவட்டங்களில் குழந்தையின் 9ஆம் மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் இலவசமாகப் போடுகிறார்கள். உங்கள் ஊருக்கு உண்டா என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள்.

கிருமி தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு மட்டுமே நோய் கடுமையாகிறது. ஆனால் கடுமையாகிப் பிழைத்தவர்களில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு அறிவுத்திறன், நடத்தை, நரம்பு தொடர்பான நிலையான பாதிப்பு இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பட்டியலில் "நடத்தை" என்ற சொல்லும் இருப்பதைக் கவனியுங்கள். கை கால் விழுந்தால் ஊர் இரக்கப்படும். நடத்தை மாறினால் ஊர் திட்டும்.

காலனி ஏன் பள்ளத்தில் இருக்கிறது?

நோய்க்குச் சாதி கிடையாது. ஆனால் வீடு எங்கே இருக்கிறது என்பதற்குச் சாதி உண்டு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891ஆம் ஆண்டு எழுதிய அறிக்கை, இந்த மாவட்டத்தின் பறையர் மக்கள் குடியிருக்கும் மனைகூடத் தங்களுக்குச் சொந்தமில்லாமல், மிராசுதாரர் நினைத்தால் வெளியேற்றக்கூடிய நிலையில் இருந்ததைப் பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. ஊருக்கு வெளியே, வயல் ஓரத்தில், தண்ணீர் நிற்கும் தாழ்ந்த இடத்தில் பல குடியிருப்புகள் இன்றும் இருப்பதற்குப் பின்னால் அந்த நூற்றாண்டுக் கணக்கு இருக்கிறது. பள்ளத்தில் வீடு இருந்தால் கொசுவும் அங்கேதான் அதிகம்.

நோய்க்குப் பிறகும் சாதி விடுவதில்லை. மேல்தெருப் பிள்ளை வகுப்பில் கத்தினால் "உடம்பு சரியில்லாத பையன்" என்பார்கள். காலனிப் பிள்ளை கத்தினால் "இவங்க வளர்ப்பே இப்படித்தான்" என்று ஒரு சமூகத்தின் மீதே சொல் விழும். நம் பிள்ளையின் நிலையை மருத்துவச் சொல்லில், காகிதத்தில் பதிவு செய்து வைப்பது நமக்குக் கூடுதல் அவசியமாவது இதனால்தான்.

மூளையில் நடப்பது என்ன?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன் மூளைக்கு ஒரு முக்கிய வேலை உண்டு. கோபம் வரும்போது "பொறு" என்று சொல்வதும், செய்யும் முன் யோசிக்க வைப்பதும் அதுதான். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கே அந்தப் பகுதி முழுதாக முதிர 25 வயது ஆகிவிடுகிறது. பதின்வயதில் பாதி கட்டிய அந்த வீட்டில்தான் நோய் வந்து சுவரை இடிக்கிறது. பக்கவாட்டு மூளை பாதிக்கப்பட்டால் நினைவு தப்பும், பயமும் அழுகையும் காரணமில்லாமல் வரும்.

ஆகவே இந்தப் பிள்ளைகளிடம் பொதுவாகக் காணப்படுபவை: சட்டென்று கோபம், பொருளை எறிதல், கூச்சமின்றிப் பேசுதல், சொன்னதை மறத்தல், பகலில் தூங்கி இரவில் விழித்தல், சீக்கிரம் களைத்துப்போதல், கூட்டமும் சத்தமும் தாங்காமை. சில வலிப்பு மாத்திரைகளும் எரிச்சலைக் கூட்டும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாக வரலாம். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தி அல்ல. 1917இல் வியன்னா நகர மருத்துவர் வான் எகானமோ ஒரு தூக்க மூளைக் காய்ச்சலை விவரித்தார். அது உலகம் முழுதும் பரவியது. பிழைத்த பிள்ளைகள் பலர் முரடராகவும் திருடுபவராகவும் இரவெல்லாம் திரிபவராகவும் மாறினார்கள்.  நோய்க்கு முன்பு அவர்கள் அப்படி இல்லை என்பதைப் பார்த்த மருத்துவர்கள், மூளைக் காயம் குணத்தையும் மாற்றும் என்பதை உணர்ந்தார்கள்.

அமெரிக்காவில் எம்மா என்ற சிறுமிக்கு ஏழு வயதில் மூளை அழற்சி வந்தது. அவள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவளுக்கென ஒரு மருத்துவமனையும் இல்லை. பெற்றோர் பிராட்லி தம்பதியர் தங்கள் சொத்தை இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக எழுதி வைத்தார்கள். 1931இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அவள் பெயரிலேயே குழந்தைகளுக்கான மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. அவர்களிடம் சொத்து இருந்தது. நம்மிடம் இருப்பது அரசு மருத்துவமனையும் சட்டமும். அவற்றைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

வேப்பிலைக்கு முன் மருத்துவமனை

நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை, பெரும்பாலும் இளம்பெண், சில நாட்களில் தனக்குத்தானே பேசி, வெறித்துப் பார்த்து, தூக்கமின்றித் தவித்தால் பேய் பிடித்தது என்கிறோம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை அழற்சி இப்படித் தொடங்கலாம் என்பது 2007இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. சீக்கிரம் சிகிச்சை கிடைத்தால் பலரும் மீள்கிறார்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் போவது உங்கள் விருப்பம். ஆனால் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை நாடு மறக்கவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. வீட்டுத் தூணில் கட்டுவதும் தீர்வல்ல.

வீட்டில் செய்ய வேண்டியவை

நோய்க்கு முந்தைய பிள்ளை எப்படி இருந்தான், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த நேரத்தில், எதற்குப் பிறகு கோபம் வருகிறது என்பதையும் தேதியோடு குறியுங்கள். பத்து நாள் குறிப்பு, மருத்துவருக்குப் பத்து நிமிடப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். "எழுந்து குளிச்சு சாப்பிட்டுப் பையை எடுத்துக்கோ" என்பது அவனுக்கு நான்கு கட்டளை. எழுவது, சாப்பிடுவது, மாத்திரை, உறக்கம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். தறி இருக்கும் வீடு என்றால் காலையிலிருந்து சத்தம்தான். அவன் கொஞ்ச நேரம் அமைதியாகப் படுக்க, அக்கம்பக்கத்தில் ஓரிடம் ஏற்பாடு செய்யுங்கள்.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது வாதாட வேண்டாம். கத்தி, அரிவாள்மனை, கத்தரி போன்றவற்றை எட்டாமல் வைத்து, தம்பி தங்கைகளை வெளியே அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் பேசுங்கள். அடித்தால் அவனுக்குப் பாடம் தங்காது, பயம் மட்டுமே தங்கும். அடங்கிய பிறகு பேசினால் கேட்பான். சாக வேண்டும் என்று பேசினால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

தாய்க்கும் ஓய்வு வேண்டும். எல்லாப் பழியும் எல்லா அடியும் அவர் மீதுதான் விழுகின்றன. வாரத்தில் ஒரு நாளாவது சித்தியோ அத்தையோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். தகப்பனுக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு.

பள்ளியா, தறியா?

இந்த நேரத்தில்தான் பல வீடுகளில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. "படிப்பு ஏறல, தறியிலயாவது உட்காரட்டும்." கோர்வைச் சேலை நெய்ய, கரைக்கு நாடா எறிய, தறிக்காரருக்குப் பக்கத்தில் இன்னொரு கை தேவை. சிகிச்சைச் செலவுக்கு வாங்கிய கடன் தலைமேல் நிற்கும். தறி முதலாளியிடம் முன்பணம் கிடைக்கும். முன்பணத்துக்குப் பிணைக்கப்பட்டு காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் வேலை செய்த குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு விரிவாக எழுதியது. தலித் குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது. முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பைக் கேட்பது குற்றம்.

களைத்துப்போகும், கவனம் சிதறும் பிள்ளைக்கு மணிக்கணக்கில் தறியில் உட்காருவது ஓய்வும் அல்ல, மருந்தும் அல்ல. பள்ளியில் அவனுக்கு வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அங்கீகரிக்கும் 21 வகைகளில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, மனநோய் ஆகியவையும் உள்ளன. பாதிப்பு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று பெற்றால் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009 பிள்ளையை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பிறர் முன் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெஞ்சில் இப்படி ஒரு நண்பன் திரும்பி வந்தால் அவனைச் சீண்டி வேடிக்கை பார்க்காதீர்கள். விட்டுப்போன பாடக் குறிப்பைக் கொடுங்கள். அவன் மறந்தால் இன்னொரு முறை சொல்லுங்கள்.

எங்கே போவது?

காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைக் கேளுங்கள். நரம்பியல், குழந்தைகள் பிரிவுகளுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் உள்ளன. பேருந்துச் செலவுக்குக் கூடக் கை கடிக்கும் நாளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இலவசமாக எந்த நேரமும் பேசலாம். 104 சுகாதார உதவி எண்ணும் உண்டு. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் அறிக்கை, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சிலருக்கு ஓராண்டில் நல்ல மாற்றம் வரும், சிலருக்குப் பல ஆண்டுகள் ஆகும், சிலருக்குக் குறை நிலைத்துவிடும். பாவில் இழை அறுந்தால் எந்த நெசவாளியும் அதைத் திட்டிக்கொண்டிருப்பதில்லை. எங்கே அறுந்தது என்று தேடி எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்கிறார். நம் பிள்ளையிடமும் முதலில் தேட வேண்டியது, எங்கே அறுந்தது என்பதைத்தான்.