அரணும் நகரும்

அரண் நகரைக் காத்தல் இயல்பு. அவ்வியல்பு பிறழ்ந்தவிடத்து நேர்வது யாது என்பதற்குச் சான்றாய் விளங்குவன, தன்யூப் நதியின் வலக்கரையிலுள்ள பெற்றோவரடின் கோட்டையும் இடக்கரையிலுள்ள நோவி சாட் நகருமாம். நோவி சாட், சேர்பியாவின் வடபாலுள்ள வொய்வொதினா மாகாணத்தின் தலைநகர்.

நதியை நோக்கி எழுந்து நிற்கும் பாறையின்மேல் அமைந்தது கோட்டை. 1526 இல் துருக்கியர் வசமான அவ்விடத்தை 1687 இல் ஆஸ்திரியர் கைப்பற்றினர். 1692 இல் தொடங்கிய புதுக்கோட்டை வேலை 1780 இலேயே முற்றுப்பெற்றது. பிரான்சியப் பொறியியலறிஞர் வோபான் வகுத்த முறையைத் தழுவிக் கொத்தளங்கள் கோண வடிவின அமைந்தன. நிலத்தடியிற் செல்லும் சுரங்கவழிகளின் நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். 1716 இல் இளவரசர் யூஜீன் துருக்கிப் பெரும்படையை முறியடித்ததும் இக்கோட்டையின் அருகிலேயே. இங்குள்ள மணிக்கூட்டில் நீண்ட முள் மணியையும் குறுகிய முள் நிமிடத்தையும் காட்டும்; ஆற்றில் ஓடஞ் செலுத்துவோர் தொலைவிலிருந்தே மணியறிதற்பொருட்டு அங்ஙனம் அமைத்தனர்.

நகரின் பிறப்புக்குக் காரணம் ஒரு தடையாகும். கத்தோலிக்கரல்லாத சேர்பியர் கோட்டைப்புறத்திற் குடியிருத்தல் ஆகாதென ஆட்சியாளர் விலக்கினர். ஆகவே வணிகரும் கைவினைஞரும் 1694 இல் எதிர்க்கரையிற் குடியேறினர். 1748 இல் அவர்கள் 80,000 போரின்ற் செலுத்தி, பேரரசி மரியா தெரேசாவிடம் தன்னாட்சி நகரெனும் உரிமையைப் பெற்றனர். அப்போது சூட்டப்பெற்ற பெயருக்குப் 'புது நடவு' என்பது பொருள். கல்வியாற் சிறந்த அந்நகரைப் பின்னர்ச் 'சேர்பிய அதென்சு' என்றும் வழங்கினர்.

1848 இல் ஹங்கேரியப் புரட்சி மூண்டது. கோட்டை புரட்சியாளர் வசமாயிற்று. நகருட் பேரரசின் படை புகுந்தது. 1849 யூன் 12 ஆம் நாள் கோட்டைப் பீரங்கிகள் நகரை நோக்கி முழங்கின. 2,812 வீடுகளுள் எஞ்சியவை 808 மட்டுமே. துருக்கியரைத் தடுக்க எழுப்பிய அரண், தன் நிழலில் வளர்ந்த நகரையே எரித்தது.

எனினும் நட்ட பயிர் பட்டுப்போகவில்லை. மக்கள் மீண்டும் வீடு கட்டினர். 1826 இல் பெஸ்ற் நகரில் தோன்றிய 'மாத்திசா சேர்ப்ஸ்கா' என்னும் கல்விக் கழகம் 1864 இல் நோவி சாட்டுக்கு வந்து, நூல்நிலையமும் ஏடுகளும் பேணலாயிற்று. 1999 இல் நேட்டோ விமானங்கள் நகரின் தன்யூப் பாலங்களைத் தகர்த்தபோதும், அவற்றினிடத்தே புதிய பாலங்கள் எழுந்தன.

இன்று அக்கோட்டையினுள்ளே நகரின் அரும்பொருளகமும் ஓவியரின் பணிக்கூடங்களும் இருக்கின்றன. பீரங்கி முழங்கிய அரணை இப்பொழுது பேணிக் காப்பது, அன்று அதனால் எரிந்த நகரே.