பாக்கியம் யாருக்கு?

புது வீட்டுக்குக் குடிபோனால் ஆசீர்வாதம் என்கிறோம். பிள்ளை பிறந்தால் பாக்கியம் என்கிறோம். பேச்சுவழக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பைபிளின் எபிரேய மொழியில் இவை தனித்தனி. ஆசி பெற்றவர் 'பாரூக்'. ஒருவரைப் பார்த்து, 'கொடுத்து வைத்தவர்' என்று வியப்பதற்கு 'அஷ்ரே'. சங்கீதப் புத்தகம் தொடங்குவதே இந்த அஷ்ரேயில்தான்.

கிரேக்கத்தில் அது 'மக்காரியோஸ்' ஆனது. கவலையே அறியாத தேவர்களுக்குக் கிரேக்கக் கவிஞர்கள் சூட்டிய அடைமொழியோடு உறவுடைய சொல் அது. மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், மலைமேல் அமர்ந்த இயேசு அதை யாருக்குச் சூட்டுகிறார்? துயரப்படுவோருக்கு, துன்புறுத்தப்படுவோருக்கு. லூக்கா இன்னும் கடுமை. மத்தேயுவில் உள்ள 'ஆவியில்' என்ற அடை அங்கே இல்லை, வெறும் ஏழைகள்தான். மூலத்திலுள்ள 'ப்தோகோஸ்', கையேந்தி நிற்பவரையே குறிக்கும். கூடவே செல்வருக்கும் வயிறு நிறைந்தோருக்கும் 'ஐயோ' வேறு. பிரசங்கங்களில் அந்தப் பகுதியை நாம் அதிகம் கேட்பதில்லை!

தமிழில் புராட்டஸ்டன்ட் சபையார் 'பாக்கியவான்கள்' என்று வாசிப்பதைக் கத்தோலிக்கர் 'பேறுபெற்றோர்' என்று வாசிக்கிறார்கள். மகப்பேற்றில் வரும் அதே பேறு. பிள்ளையில்லாத பெண்ணைப் பார்த்து, "அந்தப் பாக்கியம் இல்லை" என்று நம் வாய் சுலபமாகச் சொல்லிவிடுகிறது. தேவாலய வாசலில்கூட அது காதில் விழுகிறது. லூக்கா 11-ஆம் அதிகாரத்தில், கூட்டத்திலிருந்த ஒரு பெண் இயேசுவைச் சுமந்த வயிற்றைப் பேறுபெற்றதாகப் புகழ்ந்தாள். கடவுளின் வார்த்தையைக் கேட்டு அதன்படி நடப்பவர்களே அதைவிடப் பேறுபெற்றவர்கள் என்று அவளுக்குப் பதில் சொன்னார் அவர்.