ஆர்மோனியத் துருத்தியில் பறந்த விமானம்! தெரியுமா?

திருச்சி மன்னார்புரத்தில் ஒரு மாடி வீடு. அதில் பத்துக்குப் பத்து அறை ஒன்று. பழைய பேப்பர் கட்டு, காற்றுப்போன சைக்கிள், கொலுப்படிப் பலகை எல்லாம் அடைந்து கிடக்கும் அறை. அதற்குள் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை இறக்கிவிடலாம் என்றால் நம்புவீர்களா? இறக்கை வேண்டாம், வால் வேண்டாம். விமானி இடுங்கி உட்காரும் குழி மட்டும் போதும். அதுதான் காக்பிட். பிளைவுட், பழைய மானிட்டர், காரின் மீட்டர் மோட்டார், கொஞ்சம் கிறுக்கு. இந்த நான்கையும் சேர்த்து வீட்டிலேயே அதைக் கட்டிவிடுகிறார்கள், தெரியுமா?

முதலில் இதைக் கேளுங்கள். உலகின் புகழ்பெற்ற முதல் விமானப் பயிற்சிப் பெட்டியைச் செய்தவர் விமானக் கம்பெனிக்காரர் இல்லை. பியானோவும் ஆர்கனும் செய்கிற குடும்பத்துப் பிள்ளை! எட்வின் லிங்க் என்று பெயர். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் ஊரில் அப்பாவுக்கு இசைக்கருவித் தொழிற்சாலை. பையனுக்கோ விமானம் ஓட்டப் பைத்தியம், ஆனால் பயிற்சிக் கட்டணம் கையைக் கடித்தது. பார்த்தார். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை எடுத்தார். அவற்றின் மேல் ஒரு குட்டி விமானக் கூட்டை உட்கார வைத்தார். ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்தால் ஒரு துருத்தி உப்பும், எதிர்த் துருத்தி சுருங்கும், கூடு சாயும். நம் ஆர்மோனியமும் கச்சேரி மேடைச் சுருதிப் பெட்டியும் எந்தத் தத்துவத்தில் மூச்சு விடுகின்றனவோ, அதே தத்துவம்! 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். யார் வாங்கினார்கள் தெரியுமா? பொருட்காட்சி நடத்துகிறவர்கள். காசு போட்டால் ஆடும் குதிரை மாதிரி அது ஓடிக்கொண்டிருந்தது.

1934-ல் கதை திரும்பியது. அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலையைக் கொடுத்தார்கள். இரவு, பனி, மேகம். கண்ணால் பார்த்தே ஓட்டிப் பழகியவர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து விழுந்து செத்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கிடம் வந்து ஆறு பெட்டிகள் வாங்கியது. ஒன்று 3,500 டாலர். உள்ளே ஏறியதும் மூடியைச் சாத்திவிடுவார்கள், கும்மிருட்டு. எதிரே மினுங்கும் மீட்டர்களை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் நீலம் பூசிய இந்தப் பெட்டியில் பழகியவர்கள் அமெரிக்காவில் மட்டும் 5 லட்சம் பேர். அடேயப்பா!

2024 அக்டோபர் 11 மாலை நினைவிருக்கிறதா? திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம் தலைக்கு மேலேயே வட்டமடித்தது. ஊரே மொட்டை மாடியில் நின்றது. 141 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள். இப்படிப்பட்ட கோளாறுகளை விமானிகள் முதலில் சந்திக்கும் இடம் வானம் இல்லை, சிமுலேட்டர்தான். அந்தச் சிமுலேட்டருக்கு முப்பாட்டன் ஒரு துருத்தி!

சரி, ஸ்பிட்ஃபயருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1940-ல் பிரிட்டன் வானத்தில் ஜெர்மானியரோடு மோதிய படைப்பிரிவுகளில் 79, 234, 264 என்ற மூன்றுக்கும் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பட்டப்பெயர், தெரியுமா? நம் மாகாணத்தில் வசூலான போர் நிதிக்கு அவர்கள் காட்டிய நன்றி அது. இதில் 234-வது பிரிவு ஓட்டியது ஸ்பிட்ஃபயர். அப்போது திருச்சி ஜில்லாவும் மெட்ராஸ் மாகாணம்தானே! ஆகவே மன்னார்புரத்தில் ஒரு ஸ்பிட்ஃபயர் நிற்பதில் உரிமைப் பிரச்சினை எதுவும் இல்லை என்பது என் தீர்ப்பு.

இப்போது அந்தக் குழிக்குள் இறங்குவோம். இங்கேதான் ஆச்சரியங்கள் குவிந்து கிடக்கின்றன. ஸ்பிட்ஃபயர் காக்பிட்டுக்குத் தரையே கிடையாது, தெரியுமா? குதிகாலை வைத்துத் தள்ள இரண்டு தடம், அவ்வளவுதான். பேனா விழுந்தால் விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும். ஸ்டிக்கின் தலையில் கைப்பிடி ஒரு வளையம். மண்வெட்டிப் பிடி என்றுதான் அவர்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சுடும் பொத்தானும் அதில், பிரேக் பிடிக்கும் நெம்புகோலும் அதிலேயே, சைக்கிள் பிரேக் மாதிரி. அந்தப் பொத்தானை விடாமல் அமுக்கினால் எட்டுத் துப்பாக்கியிலும் குண்டு எத்தனை நேரம் வரும் தெரியுமா? சுமார் 15 நொடி! அதன் பிறகு வீரம் பேச வாய் மட்டும்தான் மிச்சம்.

இன்னொன்று. குழி மகா குறுகல். ஸ்டிக்கை முழுதாகப் பக்கவாட்டில் சாய்த்தால் தொடையில் இடிக்கும். அதனால் தண்டை நடுவில் வெட்டிக் கீல் வைத்துவிட்டார்கள். முன்பின்னாகத் தண்டு முழுவதும் அசையும், பக்கவாட்டில் மேல்பாதி மட்டும் சாயும். அந்தச் சாய்வைக் கீழே கடத்துவது எது தெரியுமா? பல்சக்கரமும் சங்கிலியும்! வீட்டில் கட்டுகிறவர் சைக்கிள் கடைக்கு ஓடினால் சிரிக்காதீர்கள், சரியான கடைக்குத்தான் ஓடுகிறார்.

ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் சக்கரத்தை மடக்க மோட்டார் விசை இல்லை. வலப்பக்கம் ஒரு கைப்பம்பு. தரையை விட்டு எழும்பியதும் ஸ்டிக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அடிகுழாய் அடிப்பதுபோல் அடிக்க வேண்டும். வலது கை அடிக்க அடிக்க இடது கையும் தன்னையறியாமல் ஆடும். விமானம் மேலும் கீழுமாகக் குதிபோட்டுக்கொண்டே ஏறும். புதிய விமானி யாரென்று கீழே நிற்பவர்கள் அந்தக் குதியைப் பார்த்தே சொல்லிவிடலாம்! வீட்டு சிமுலேட்டரில் அந்தப் பம்பையும் வைத்துவிட்டால், அதே குதி தானாக வந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், பெரிய டிவி வாங்கப் பணத்தைக் கரைக்காதீர்கள். ஸ்டிக்கிலும் பெடலிலும் போடுங்கள். கண்ணை எளிதில் ஏமாற்றலாம், கை லேசில் ஏமாறாது. கம்ப்யூட்டர் கடை ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங் எந்த வேகத்திலும் ஒரே இறுக்கம். நிஜத்தில் வேகம் கூடக் கூடக் காற்று எதிர்த்துத் தள்ளும், ஸ்டிக் கல்லாக இறுகும். அந்தப் பொய்யைக் கை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

எதிரே பலகையில் நடுநாயகமாக ஆறு மீட்டர்கள். மேல்வரிசையில் வேகம், செயற்கை அடிவானம், ஏறும் இறங்கும் வீதம். கீழ்வரிசையில் உயரம், திசை, திருப்பமும் சறுக்கலும். ஸ்பிட்ஃபயரா, ஹரிக்கேனா, லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானமா, எதில் ஏறினாலும் இந்த ஆறும் இதே ஒழுங்கில்தான் இருக்கும், தெரியுமா? ஓர் அஞ்சறைப் பெட்டியில் பழகிய கை எந்த அடுக்களையிலும் கடுகைத் தேடாதே, அப்படி. சிக்கனக்காரருக்கு இது வரப்பிரசாதம். பலகையை ஒருமுறை வெட்டினால் பல விமானங்களுக்கு ஆகும். பூஜையறைக் கதவில் பூவேலை வெட்டித் தரும் சி.என்.சி. கடையில் கோப்பைக் கொடுத்தால் வட்டங்களைச் சுத்தமாக வெட்டிவிடுவார்கள். இன்னும் சிக்கனம் வேண்டுமா? பின்னால் ஒரு பழைய மானிட்டரை வைத்து மீட்டர்களைப் படமாக ஓட்டுங்கள். முன்னே ஓட்டை போட்ட பலகை. ஓரடி தள்ளி உட்கார்ந்தால் படம் என்று தெரியவே தெரியாது.

ஆனால் நிஜ மீட்டர் வாங்கித்தான் பொருத்துவேன் என்று கிளம்புகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டாம் உலகப்போர்க் கால மீட்டர்களின் எண்களில் பூசியிருப்பது அசல் ரேடியம்! நம் ஊரில் பைக்குக்குப் பெயர் ஒட்டும் ‘ரேடியம் கட்டிங்’ கடை ரேடியம் இல்லை. அந்த ஸ்டிக்கரில் ரேடியம் கடுகளவும் கிடையாது, வெளிச்சம் பட்டால் திருப்பி அடிக்கும் தாள், அவ்வளவே. விமான மீட்டரில் இருப்பது நிஜக் கதிரியக்கம். அதன் பாதி அழியவே 1,600 ஆண்டுகள் ஆகும். மலைக்கோட்டையில் மகேந்திரவர்ம பல்லவன் குகைக்கோயில் குடைந்து சுமார் 1,400 ஆண்டுகள்தான் ஆகின்றன. அன்றைக்கு அந்தச் சுவரில் ரேடியம் பூசியிருந்தால் இன்றும் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும்! இதில் மோசம் என்னவென்றால், ரேடியத்தோடு கலந்த ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளில் களைத்துவிடும். மீட்டர் மினுங்காது, ஆனால் கதிர் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டவே கூடாது. அந்த ஸ்டிக்கர் கடையிலேயே முகப்பை அச்சடித்து வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பெயராவது ரேடியமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பழைய இயந்திரத்தைப் புதிதாகச் செய்வதெல்லாம் வெள்ளைக்காரர் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், பக்கத்திலேயே இருக்கும் பொன்மலைப் பக்கம் கையைக் காட்டுங்கள். 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை, ஊட்டி மலை ரயிலுக்கு நிலக்கரி நீராவி இன்ஜினைப் புதிதாகவே செய்து 2021-ல் ஓட்டிக் காட்டியது, தெரியுமா? 1914 முதல் சுவிட்சர்லாந்துத் தொழிற்சாலை செய்து அனுப்பிய ரகம் அது. நீராவிக் காலம் முடிந்து எத்தனையோ வருடம் கழித்து, நம் பொன்மலைத் தொழிலாளிகள் கையால் மறுபிறவி! அந்த ஊர்க்காரருக்கு ஒரு காக்பிட் எம்மாத்திரம்?

குறிபார்க்கும் கண்ணாடி விஷயம் இன்னும் வேடிக்கை. விமானியின் கண்ணெதிரே சாய்வாக ஒரு கண்ணாடித் தகடு. கீழேயிருந்து விளக்கும் லென்ஸும் அதில் ஓர் ஒளி வளையத்தை விழவைக்கும். அந்த வளையம் கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகத் தெரியாது, தொலைதூர வானத்தில் மிதப்பதாகத் தெரியும். தலையை அசைத்தாலும் குறி மாறாது. ஆசையாசையாக ஒருவர் இதை நுணுக்கம் பிசகாமல் வீட்டில் செய்கிறார் என்று வையுங்கள். என்ன ஆகும் தெரியுமா? வளையம் இரண்டாகத் தெரியும்! நிஜ விமானத்தில் எதிரி முந்நூறு கெஜத்தில் இருப்பான், வீட்டில் எதிரி இரண்டடியில் மானிட்டரில் இருக்கிறான். கண்கள் பக்கத்தில் பார்க்க, வளையமோ தொலைவில் நிற்கிறது. ஆகவே லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தி, வேண்டுமென்றே தப்பாக வைக்க வேண்டும். அசலைப் போலத் தெரிவதற்கு அசலிலிருந்து விலகியாக வேண்டிய இடம் இது.

நகரும் மேடை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: நாற்காலியை நீங்கள் உணராத அளவு மெதுவாகப் பின்னால் சாய்த்தால், முன்னே சீறிப் பாய்வதாக உடம்பு நம்பிவிடும். பெரிய கம்பெனி சிமுலேட்டர்களும் இந்தத் தந்திரத்தைத்தான் செய்கின்றன. ஆனால் மாடி வீட்டில் கீழே குடியிருப்பவர் என்ன சொல்வாரோ!

நடுவில் ஒரு சேதி. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-ல் இயற்பியல் முடித்த ஒரு ராமேஸ்வரத்து இளைஞர், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துச் சொக்கிப்போனார். விமானப்படைத் தேர்வில் இடம் எட்டு, அவருக்குக் கிடைத்ததோ ஒன்பதாவது. 2006 ஜூன் 8 அன்று, 74 வயதில், குடியரசுத் தலைவராகப் புனேயில் சுகோய் போர் விமானத்தின் காக்பிட்டில் ஏறி உட்கார்ந்தார் அப்துல் கலாம்! அதே கல்லூரி, அதே எம்.ஐ.டி. என்று படித்த ஸ்ரீரங்கத்து ரங்கராஜனோ விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்குப் போனார். பிறகு எழுத்தாளர் சுஜாதா ஆனார்.

கடைசியாக அந்த முட்கள். வீட்டு காக்பிட்டில் மீட்டர் முள்ளைத் திருப்புவது காரின் டாஷ்போர்டில் இருக்கும் குட்டி மோட்டார். 315 பாகை திரும்பும், ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்காக அடி வைக்கும். ஆர்டுவினோ என்ற சிறு பலகை அதை ஆட்டுவிக்கும். விமான விளையாட்டு மென்பொருள் ‘உயரம் 8,000 அடி’ என்றால் முள் அங்கே போய் நிற்கும். ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்பது இந்த மோட்டாருக்குத் தெரியவே தெரியாது, தெரியுமா? எத்தனை அடி எடுத்து வைத்தோம் என்ற கணக்கு மட்டும்தான். நீங்கள் இங்கிலீஷ் கால்வாய்க்கு மேலே எதிரியைத் துரத்திக்கொண்டிருக்கும்போது மன்னார்புரத்தில் கரண்ட் போகிறது. திரை இருண்டுவிடும், இன்ஜின் சத்தம் அடங்கிவிடும், முட்கள் மட்டும் 8,000 அடியிலும் 300 மைல் வேகத்திலும் அப்படியே நிற்கும். விசிறியும் நின்றுபோன அறையில் நீங்கள் வேர்த்து உட்கார்ந்திருப்பீர்கள். கரண்ட் திரும்ப வந்ததும் எல்லா முட்களும் ஒன்றாகக் கிளம்பிப் பின்னோக்கி ஓடி, பூஜ்ஜியத்தின் முட்டுக்கட்டையில் டக்கென்று இடித்து நிற்கும். அங்கிருந்து கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.