கோப்புக்கு ஒரு துபாஷி

கணினியில் விண்டோஸை நீக்கி லினக்ஸை நிறுவிய இல்லங்களிலே ஒரு கவலை எழுவதுண்டு. தந்தையார் பல்லாண்டாக எழுதிவைத்த கணக்குகள் கோப்புகளாக இருக்கின்றன; அவற்றைத் திறக்கும் செயலியோ விண்டோஸுக்கென்றே ஆக்கப்பட்டது. அக்கணக்குகளை இனி நாம் இழந்துவிட வேண்டியதுதானா?

வேண்டியதில்லை. 1993ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'வைன்' என்னும் மென்பொருள் இங்கே துபாஷியாக நிற்கிறது. விண்டோஸ் செயலி விடுக்கும் வேண்டுகோள்களை லினக்ஸ் உணரும் வகையில் அது மாற்றிக் கொடுக்கிறது. பதினைந்து ஆண்டு உழைப்பின் பின்னரே, 2008இல், அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது.

செயலி இயங்கினால் மட்டும் போதுமா? கோப்பின் இருப்பிடமும் அதற்கு விளங்க வேண்டுமன்றோ! விண்டோஸ் 'சி' முதலிய எழுத்திட்ட வட்டுகளிலிருந்து வழி கூறும். லினக்ஸோ ஒரு சாய்கோட்டிலிருந்து தொடங்கும். ஆகவே, லினக்ஸின் கோப்புகள் அனைத்தையும் 'இசட்' என்னும் வட்டாக வைன் செயலிக்குக் காட்டுகிறது. செயலியின் 'திற' பட்டியலில் அவ்வட்டைத் தெரிவு செய்தால், நாம் தேடும் கோப்பை அங்கே காணலாம்.

ஆனால், ஒன்றை மறத்தலாகாது. அவ்வழியே தீய செயலியும் நம் கோப்புகளைத் தொடக்கூடும். நல்ல செயலிகள் எல்லாம் வைனில் இயங்குவதுமில்லை. எனவே மூலப்படியைப் பத்திரப்படுத்துவோம். திறந்த கணக்கை எங்கும் வாசிக்கத்தக்க வடிவிலும் சேமித்து வைப்போம். துபாஷி இல்லாத நாளிலும் தந்தையாரின் கணக்கு நம் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமல்லவா?